சினார் இலையும் பூனைமுடித் தூரிகையும்

அக்டோபர் கடைசியில் ஸ்ரீநகரின் சினார் மரங்கள் மஞ்சளாகும். பிறகு துரு நிறம். நவம்பர் நடுவில் சிவப்பு. ஹருத் என்று காஷ்மீரிகள் சொல்லும் இந்தப் பருவத்தில் நசீம் பாகில் படமெடுக்கக் கூட்டம் அலைமோதுகிறது. நண்பர் ஒருவர் என்னை அங்கே நிற்கவிடவில்லை. ஜடிபல் பகுதியின் சந்துகளில் அதே இலையை ஆண்டு முழுவதும் வரைகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அழைத்துப் போனார்.

காகிதக்கூழ்ப் பண்டங்களின் மேல்தான் அந்த இலைகள். காகிதத்தை ஊறவைத்து இடித்து, அரிசிப் பசை சேர்த்து அச்சில் ஒட்டி உருவம் செய்பவர் சக்த்சாஸ். அது வேறு வீட்டில் நடக்கிற வேலை. நான் பார்க்கப் போனது நக்காஷை, அதாவது ஓவியரை.

அறுபதைத் தாண்டியவர். ஜன்னலோரம் ஒரு முழங்காலைக் குத்திட்டு, அதன்மேல் கருப்புப் பூசிய உருண்டையைத் தாங்கி உட்கார்ந்திருந்தார். பென்சில் இல்லை. நீர்க்கக் கரைத்த மஞ்சளில் இலையை நேரே எழுதினார். அது காய்ந்தபின், விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சிவப்பைப் பொடிக்கோடுகளாக இழுத்தார். “இலை ஓரத்திலிருந்துதான் காயும்” என்றார். கடைசியில் மையால் நரம்புகள்.

அந்த நரம்புகளுக்கென்று ஒரு தூரிகை. அவரே கட்டியது, பூனை முடி, பறவை இறகின் தண்டு. முடியின் நுனியை வெட்டவே கூடாதாம், தானாக வளர்ந்த கூர்மைதான் கோடாக இறங்குகிறது. அதை வேறு எவரும் தொட அவர் விடுவதில்லை. ஒன்பது வயதில் மாமாவிடம் சேர்ந்தபோது ஆட்டுமுடித் தூரிகையால் தரைநிறம் பூசுவது மட்டும்தான் வேலை. கோடு போட அனுமதி கிடைக்கப் பல வருடம் ஆனது. இப்போது மாலை நான்கு மணிக்குமேல் அவர் கோடு போடுவதில்லை. பல்பு வெளிச்சத்தில் மஞ்சள் கண்ணை ஏமாற்றிவிடுகிறது. கூலியோ உருண்டைக் கணக்கு, மணிக்கணக்கு அல்ல.

அவர் வரைவதில் பெரும்பங்கு வெளிநாட்டுக் கிறிஸ்துமஸ் மரங்களில் தொங்கப் போகிறது. இந்தக் கலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. 2021இல் யுனெஸ்கோ, கைவினைக்கான படைப்பு நகரங்களின் வரிசையில் ஸ்ரீநகரைச் சேர்த்தது. ஆனால் கூலியை இன்றும் தரகர்தான் சொல்கிறார். சரக்கு போனபிறகு, அவருக்குத் தோன்றும்போது தருகிறார். பெட்டியில் ஏற்றுமதிக்காரரின் பெயர் இருக்கிறது, வரைந்தவரின் பெயர் இல்லை. ஐம்பது ஆண்டு பழகிய கைக்கு விலை வைக்க இவர்கள் யார்? குறியீட்டுக்காக விழா எடுத்தவர்கள் குறைந்தபட்சக் கூலி ஒன்றை எழுதிவைத்திருக்கலாமே. அவருடைய மகனுக்கும் வரையத் தெரியும். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறான்.

“வெளிநாட்டில் இதை என்ன விலைக்கு விற்கிறார்கள்?” என்று கேட்டார். அதேபோன்ற உருண்டை ஒன்றின் விலையைக் கைப்பேசியில் தேடிக் காட்டினேன். மகனைக் கூப்பிட்டு ரூபாயில் மாற்றச் சொன்னார். அவன் சொன்னதும், தப்பாக இருக்கும், இன்னொரு தரம் போட்டுப் பார் என்றார்.