இலங்கைத்துறைக்குப் போன தொதல்

கொழும்பு கறுவாத்தோட்டத்தில் ஒரு கடையைக் கண்டதும் நகைக்கடை என்றுதான் நினைத்தேன். உள்ளே ஏசிக் குளிர். கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில், தங்க நிறத் தாளில் சுற்றிய தொதல் துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் இருந்தன. பக்கத்தில் மஸ்கட் அல்வா. கையுறை போட்ட பிள்ளை ஒருத்தி தொதலில் மூன்று, மஸ்கட்டில் மூன்று என அட்டைப்பெட்டியில் அடுக்கி, நாடா கட்டித் தந்தாள். 2,400 ரூபா.

அந்தக் காசுக்குச் சந்தையில் ஒரு கிலோவுக்கு மேலேயே வாங்கியிருக்கலாம். ஆனால் பெரியம்மாவைப் பார்க்கப் போகிறேன், வெறுங்கையோடு போக மனமில்லை. விலை கேட்டபின் வாங்காமல் வெளியே வரவும் கூச்சம். இப்படியான கடைகளில் பாதி வியாபாரம் இந்தக் கூச்சத்தில்தான் நடக்கிறது.

இரவு ரயிலில் திருகோணமலை. அங்கிருந்து பஸ். சின்ன வயதில் இந்த வழியில் ஒவ்வொரு ஆற்றுவாயிலும் இறங்கிப் பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் வாகனம் ஏற்றும் மிதவை. 2009 இல் 396 மீற்றர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். மற்றத் துறைகளுக்கும் பின்னால் பாலங்கள் வந்தன. இப்போது மூதூர் தாண்டியதே தெரியவில்லை. மடியில் பெட்டி, வெயில் படாமல் துவாயால் மூடிக்கொண்டேன்.

பெரியம்மாவின் ஊரான இலங்கைத்துறை முகத்துவாரத்தில் களப்பு கடலோடு சேர்கிறது. புத்தரின் தந்ததாது வந்திறங்கிய துறை இதுதான் என்று பௌத்தர்கள் நம்புகிறார்கள். அதனால் பெயர்ப்பலகைகளில் இப்போது லங்காபட்டுன. பெரியம்மாவின் வாயில் முகத்துவாரம்தான்.

அவர் நாடாவை அவிழ்த்து, தாளைப் பிரித்து, தொதலைப் பெருவிரலால் ஒருதரம் அமத்திப் பார்த்தார். விரலைத் திருப்பிக் காட்டினார். எண்ணெய் ஒட்டவில்லை.

"இது கிண்டி முடியல்ல, மகன்."

தொதலுக்குச் சிவப்புப் பச்சரிசி மா, தேங்காய்ப்பால், சர்க்கரை. தாச்சியில் ஊற்றிக் கிண்டத் தொடங்கினால் மணிக்கணக்காகக் கை எடுக்க முடியாது. களி இறுகி அகப்பையை இழுக்கும். ஆள் மாறி ஆள் கிண்ட வேண்டும். கடைசியில் தேங்காய்ப்பால் எண்ணெயாகப் பிரிந்து ஓரத்தில் ஊறும். அதுதான் பதம். அந்த எண்ணெயோடு இறக்கினால் தொதல் பல நாள் கெடாது. ஆனால் எண்ணெய் கசிகிற துண்டைத் தங்கத் தாளில் சுற்ற முடியுமா? தாள் ஊறிவிடும். அந்தக் கடையில் பதம் பார்ப்பது சமையல்காரர் அல்ல, தாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மஸ்கட்டை அவர் குறை சொல்லவில்லை. கோதுமை மாவைப் பிசைந்து, ஊறவைத்து, கழுவிப் பாலெடுத்துக் கிண்டுவது. கண்ணாடி போல இருந்தது, பல்லில் ஒட்டவில்லை. தூத்துக்குடிப் பக்கத்து முதலூர்க்காரர்கள்கூடத் தங்கள் மஸ்கோத் அல்வா இலங்கையிலிருந்து வந்தது என்றுதான் சொல்வார்கள். மூன்று துண்டையும் நாங்களே முடித்தோம். அந்த மூன்றுக்கும் கொடுத்த காசு தகும்.

பிறகு பெரியம்மா எருமைத் தயிர்ச் சட்டியை எடுத்து வந்தார். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். மண் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதும் அந்தக் கட்டிக்கு ஒரு காரணம். பாணிக்குப் பதில் காட்டுத்தேன் ஊற்றினார். ஈச்சிலம்பற்று, வாகரைப் பக்கத்து வேடர் குடும்பங்கள் போத்தலில் கொண்டுவந்து விற்கிற தேன். புகை மணம் இலேசாக இருந்தது. அவருக்கும் ஒரு காலத்தில் பட்டி மாடு இருந்தது. 2006 இல் போரில் ஷெல் விழுந்து ஊரோடு வாகரைக்கு ஓடியபோது அவிழ்த்து விட்டுப் போனது. திரும்பி வந்தபோது ஒன்றும் இல்லை. இப்போது தயிரை விலைக்குத்தான் வாங்குகிறார். அதைச் சொன்னபோது குரல் மாறவில்லை. எனக்கு இன்னொரு கரண்டி போட்டார்.

தொதல் மூன்றும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் போனது. அவர்களுக்குத் தாள் மிகவும் பிடித்தது.

இலங்கைத்துறை, வெருகல் பக்கம் போகிறவர்கள் தயிரைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு மிஞ்சுவது முந்தின நாள் சட்டி; அது புளிக்கும்.