பனி கொட்டிய நாளில் மாமி பேசினார்

எங்களூரில் பனி என்றால் மார்கழி, தை மாதங்களில் விடியப்புறம் இலைகளில் நிற்கும் ஈரந்தான். "பனிக்குள்ளை திரியாதை, தலையிலை துவாயைச் சுற்று" என்று அம்மாமார் ஏசுவார்கள். கனடாவில் பெய்யும் பனி வேறு. வாசற்படியை மூடும், பஸ்ஸை நிறுத்தும், பள்ளிக்கூடத்தையும் பூட்டவைக்கும்.

1999ஆம் ஆண்டு ஜனவரியில் ரொறொன்ரோவில் அப்படித்தான் பெய்தது. 2ஆந் திகதி தொடங்கி இரண்டு வாரத்துக்குள் ஒரு மீற்றருக்கும் மேலாகக் கொட்டியது. 13ஆந் திகதி நகர மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தின் உதவியைக் கேட்டார். பனி அள்ளுவதற்கு ஆமியைக் கூப்பிட்ட நகரம் என்று மற்ற ஊர்க்காரர் இன்றும் கேலி செய்வதுண்டு. எங்கள் வீட்டில் அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அப்போது ஸ்காபரோவில் ஒரு சிறிய வாடகை வீட்டில் நாங்கள் 11 பேர் இருந்தோம். நான், கணவர், எங்கள் நான்கு பிள்ளைகள், மாமி, மைத்துனர், அவருடைய மனைவி, அவர்களின் இரண்டு சிறுவர். ஆண்கள் இருவரும் மாறிமாறி இரவு வேலை, பகல் வேலை. எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவதே அருமை. அன்று வேலைக்கும் போக வழியில்லை, பள்ளிக்கூடமும் இல்லை.

முதல்நாள் இரவு தொலைக்காட்சியில் படையினர் வந்திறங்குவதை மாமி பார்த்திருந்தார். விடியற்காலையில் பனி வழிக்கும் பெரிய வாகனம் உறுமிக்கொண்டு எங்கள் தெருவால் வந்தது. வீட்டு யன்னல் அதிர்ந்தது. நான் எழும்பி வந்தபோது மாமி கதவடியில் நின்றார். கையில் அவருடைய பழைய பை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு சோடி உடுப்பு எல்லாம் அதற்குள் இருக்கும். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது கட்டிய பை அது.

15 வயதான என் மூத்த மகன் சவளுடன் வெளியே போக வந்தான். மாமி அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொடியனை வெளியிலை விடாதை பிள்ளை. ஆமி நிக்கிறான்."

"அம்மா, இது கனடா ஆமி. பனி அள்ள வந்தவை" என்று கணவர் எவ்வளவோ சொன்னார். மாமி கையை விடவில்லை. நான் மகனை உள்ளே கூப்பிட்டு, மாமியை இருத்தி, பக்கத்தில் இருந்தேன். மைத்துனரின் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள்.

கடைக்குட்டிதான் கேட்டாள், "அப்பம்மா, குஞ்சியப்பாவை ஆமியோ கொண்டுபோனது?"

மாமியின் கடைசி மகன் 1996இல் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டவன். திரும்பி வரவில்லை. அதைப் பற்றி மாமி எங்களிடம் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை. கேட்டால் அழுவார் என்ற பயம்.

அன்று சொன்னார். அவன் போட்டிருந்த நீலச் சேட்டைச் சொன்னார். காலையில் சாப்பிடாமல் போனதையும், அவனுக்கென்று மூடி வைத்த புட்டு இரண்டு நாள் அப்படியே கிடந்ததையும் சொன்னார். முகாம் முகாமாக நடந்த கதையைச் சொல்லச் சொல்ல மத்தியானமாகிவிட்டது. வேலைக்கு ஓடுவதற்கு யாருமில்லை. முன்னரே ஊரைவிட்டு வந்துவிட்ட மகன்மார் இருவரும் அதை அன்றுதான் முழுதாகக் கேட்டார்கள். கேட்டு அழுதார்கள்.

பின்னேரம் மாமி தானே அடுப்படிக்கு வந்தார். தைப்பொங்கல் நேரம், சூரியனைக் காணவில்லை. ஆனாலும் பச்சையரிசியும் பயறும் சர்க்கரையும் போட்டுப் பொங்கினார். ஒரு தட்டில் கடைசி மகனுக்கும் படைத்தார். பிறகு பேரனைப் பார்த்து, "போய்ப் படியைத் துப்புரவாக்கு, ஆரும் வழுக்கி விழப்போகினம்" என்றார். அவன் அள்ளி முடிக்கும்வரை யன்னலடியிலேயே நின்றார்.

மாமியின் பயம் அந்த ஒரு நாளோடு போய்விடவில்லை. அவர் கண்மூடும்வரை அந்தப் பை தலைமாட்டில்தான் இருந்தது. ஆனால் மகனின் பெயரை அதன்பின் வீட்டில் சொல்லத் தொடங்கினார். பிள்ளைகளும் குஞ்சியப்பாவின் கதைகளைக் கேட்டு வளர்ந்தார்கள்.

சகோதரிகளே, "அதை நினையாதேங்கோ, விடுங்கோ" என்றுதான் நாங்கள் வழக்கமாக ஆறுதல் சொல்கிறோம். துக்கம் உள்ளவருக்குச் சொல்ல இடம் வேண்டும். கேட்பவருக்கு நேரம் வேண்டும். எங்களுக்கு அந்த நேரத்தைப் பனி தந்தது. எங்கள் ஊரில் பனி வந்து கதவை அடைக்கப் போவதில்லை. ஒரு பின்னேரம் வேலையை ஒதுக்கிவிட்டு, வீட்டில் பேசாமல் இருப்பவருக்குப் பக்கத்தில் நாங்கள்தான் போய் இருக்க வேண்டும்.