எல்ஸ்-மேரி அக்காவுக்கு, வடகவுஞ்சியிலிருந்து

எல்ஸ்-மேரி லார்சன் அக்கா,

பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறுகிற மலைப்பாதையில் இருக்கிறது எங்கள் வடகவுஞ்சி. கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, மலைவாழை, இதுதான் பிழைப்பு. மதுரை பெரியாஸ்பத்திரிக்கு என் வீட்டுக்காரருடைய பேஸ்மேக்கரைச் சோதிக்கப் போன அன்று, டெக்னீஷியன் தம்பி பேச்சுவாக்கில் உங்களைப் பற்றிச் சொன்னார். மீதியை மகள் தேடிப் படித்துச் சொன்னாள். அன்றிலிருந்து உங்களுக்கு ஒரு கடிதம் பாக்கி.

என் வீட்டுக்காரருக்கு முதலில் வந்தது மயக்கம். நின்றபடியே விழுவார். முகம் சுண்ணாம்பாய் வெளுக்கும், கை கால் இழுக்கும். அரை நிமிஷத்தில் முகம் சிவந்து, எழுந்து உட்கார்ந்து, "என்னடி ஆச்சு?" என்பார். காத்துக் கருப்பு என்று விபூதி போட்டார்கள். மலையிறங்கி ஒரு கிளினிக்குக்குப் போனால் வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள்; நாலு மாதம் விழுங்கினார். ஒருத்தராவது கையைப் பிடித்து நாடி பார்த்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒருநாள் பொழுது சாய்கிற நேரம், தோட்டத்திலிருந்து திரும்பும்போது பாதை வளைவில் காட்டுமாடு. பத்தடி இருக்கும். எனக்கு உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது. அது பள்ளத்தில் இறங்கிப் போன பிறகு இவர் மணிக்கட்டைப் பிடித்தேன். ஒரு துடிப்பு. போதும் போதும் என்றாகும்வரை காத்திருந்த பிறகு இன்னொன்று. அவ்வளவு பெரிய மிருகத்தை எதிரே பார்த்த மனுஷனுக்கு நாடி ஏறவே இல்லை! மறுநாள் முதல் பஸ்ஸில் பழனிக்குக் கூட்டிப்போனேன். நிமிஷத்துக்கு 34 என்றார்கள்.

டாக்டர் இ.சி.ஜி. தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். சின்னச் சின்ன மேடுகள் நெருக்கமாக, கயிறு பிடித்து நட்ட நாற்றுபோல ஒரே இடைவெளியில். அவற்றோடு ஒட்டும் இல்லாமல் உறவும் இல்லாமல் உயரமான முனைகள், எட்ட எட்ட. மேடு மேலறையின் கணக்கு, முனை கீழறையின் கணக்கு. வலது மேலறையின் ஓரத்தில் ஒரு முடிச்சு இருக்கிறதாம், துடிப்பு பிறப்பது அங்கேதான். அதைத் தனியாக விட்டால் நிமிஷத்துக்கு 100 வாக்கில் அடிக்குமாம். மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு கடிவாளம் பிடிப்பதால்தான் சும்மா இருக்கும்போது 70க்குப் பக்கத்தில் நிற்கிறது. பயந்தால் கடிவாளம் தளரும், இன்னொரு நரம்புக்கூட்டம் விரட்டும். அறைகளுக்கு நடுவே இன்னொரு முடிச்சு. நல்ல நாளிலேயே அது நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்துத்தான் செய்தியைக் கீழே விடும், மேலறை ரத்தம் இறங்கி முடியட்டும் என்று. 1906-ல் அதைக் கண்டு எழுதியவர் தவாரா என்ற ஜப்பானியராம். இவருக்கு அந்த நடுவழி மொத்தமாக அடைத்துவிட்டது. கீழறை செய்தி வராமல் காத்துப் பார்த்துவிட்டு, தன் சொந்தப் புத்தியில் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தது. அதுவும் சில நொடி நின்றுபோனால் மயக்கம்.

அப்படியென்றால் காட்டுமாட்டைக் கண்டதும் இவர் முடிச்சும் என்னுடையதைப் போலவே பதறியிருக்கிறது. பதற்றம் கீழே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். கல் மாதிரி நிற்கிறாரே என்று நினைத்திருந்தேன் அக்கா. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

உங்கள் வீட்டுக்காரர் ஆர்னே 1958-ல் நாளுக்கு 20, 30 தடவை இப்படி விழுந்தாராமே. வயது 43. ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்காவில் செனிங் டாக்டரிடம் போனீர்கள். மனுஷ உடம்புக்குள் வைக்கிற கருவி இன்னும் ஆகவில்லை என்றார். எஞ்சினியர் எல்ம்க்விஸ்ட்டிடம் போனீர்கள். மறுபடி அங்கே, மறுபடி இங்கே. அரித்தெடுத்துவிட்டீர்கள். கடைசியில் எல்ம்க்விஸ்ட் ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்துப் பிசின் ஊற்றி ஒரு கருவி வார்த்தார். அக்டோபர் 8 சாயங்காலம் வைத்தார்கள், சில மணி நேரத்தில் நின்றுபோனது. கையிலிருந்த இரண்டாவதை எடுத்துப் பொருத்தினார்கள். அந்த இடைப்பட்ட நேரத்தில் நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்களோ! மதுரையில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான் ஒரு மணி நேரம் இருந்ததற்கே கால் தரையில் பாவவில்லை. ஆர்னே இருபத்தாறு கருவி மாற்றிக்கொண்டு 2001 வரை, 86 வயது வரை இருந்தார். செய்தவரும் வைத்தவரும் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தார்கள். அவரைக் கொண்டுபோனது புற்றுநோய்தான், இதயம் இல்லை.

இவருடையது காப்பீட்டு அட்டையில் வைத்தது. தீப்பெட்டியளவு மேடாக இடது காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் இருக்கிறது. இரண்டு கம்பிகள். ஒன்று மேலறை சொல்வதைக் கேட்கும், இன்னொன்று கீழறைக்குச் சொல்லும். "வேகத்தை முடிவு பண்றது இன்னமும் ஐயாவோட இதயம்தாம்மா. பெட்டி சேதியைக் கடத்துது, அம்புட்டுதான்" என்றார் அந்தத் தம்பி. ஆஸ்பத்திரிக்கும் பட்டறைக்கும் நடுவே நீங்கள் அலைந்தது அப்போது ஞாபகம் வந்தது. ரொம்ப நன்றி அக்கா.

இப்போது ஏற்றத்தில் நான்தான் பின்தங்குகிறேன், அவர் நின்று காத்திருக்கிறார். போன வாரம் அதே வளைவில் மறுபடி காட்டுமாடு, கன்றோடு. மூச்சை அடக்கிக்கொண்டு இவர் மணிக்கட்டைப் பிடித்தேன். தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"கையை விடுடி, பயமா இருக்கு" என்றார்.

இப்படிக்கு,
வடகவுஞ்சியிலிருந்து ஒரு தங்கச்சி