கீழறையின் தேன்



குமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும் காலமே தேன்காலம். இங்குள்ள தேனில் பெரும்பங்கு, ரப்பர்த் தளிரின் இலைக்காம்பு நுனியிலுள்ள சுரப்பிகளில் ஊறுவது. மார்ச் மாதத்தில் எங்கள் தோட்டத்து நான்கு பெட்டிகளும் நிறைகின்றன.

ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு அறைகள். மேலறையில் தேன், கீழறையில் ராணியும் முட்டைகளும் புழுக்களும், ஓரங்களில் சிறிது தேனும். மேலறைச் சட்டங்களை மட்டும் எடுத்து, மெழுகு மூடியைச் சீவி, இயந்திரத்திலிட்டுச் சுழற்றுகிறோம். கீழறைத் தேன், ஜூன் மழையில் பறக்கவியலாத நாட்களுக்கான ஆகாரம். அதையும் பிழிந்தால் தேனீக்கள் பட்டினியால் மடியும், அல்லது பெட்டியைவிட்டு அகன்றுபோகும்.

தேன்காலத்து வேலைக்காரத் தேனீயின் ஆயுள் ஏறக்குறைய ஆறு வாரங்களே. அது சேர்ப்பதை மழையில் உண்ணப்போவது, இன்னும் பிறவாத தேனீ.

வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடும்படி மோசேயின் நியாயப்பிரமாணம் கற்பிக்கிறது. அறுப்பவன் அந்தப் பரதேசியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை.

வரும் மே மாதம் எனக்கு இடமாற்றம். ஏழாண்டு வாழ்ந்த இல்லத்திலிருந்து எதை எடுத்துச் செல்வது என்று துணைவியார் கேட்டார். பெட்டிகளை, கீழறை நிறைந்தபடியே, விட்டுச் செல்கிறோம். அடுத்து வரும் போதகர் யாரென்று அறியேன். உங்கள் கீழறையில், நீங்கள் காணப்போகாத ஒருவருக்கென என்ன வைத்திருக்கிறீர்கள்?