சீமைக் குடித்தனமும் மின்சாரமும்

சீமைக்குப் போய் வந்தவர்கள் எழுதும் கட்டுரைகளில் தேம்ஸ் நதி இருக்கும். பார்லிமெண்டுக் கட்டடம் இருக்கும். மூடுபனியும் தவறாமல் இருக்கும். ஆனால், அங்கே சோறு வடித்துக் குடித்தனம் செய்ய வேண்டியவர்களுக்கு லண்டன் மாநகரம் முதன்முதல் அளிக்கும் தரிசனம் இவற்றில் எதுவும் அன்று. சமையலறைச் சுவரில் உள்ள மூன்று நீள்சதுரத் துவாரங்களே அது!

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் என்னும் பேட்டையில் நாங்கள் குடியேறியபோது, எங்கள் சாமான்களிலெல்லாம் மிகப் பத்திரமாக வந்து சேர்ந்தது கோயமுத்தூர்க் கிரைண்டர். இந்தியாவைப் போலவே இங்கிலாந்திலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான். ஆகையால் மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. பிளக்கின் முள்கள் மட்டும் உருண்டை. சுவரின் துவாரங்களோ சதுரம்! ஊறிய உளுந்து ஒரு பக்கம், ஓடாத கிரைண்டர் ஒரு பக்கம் என்று முதல் நாள் கழிந்தது.

கடைத்தெருவில் ஒரு யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் எங்கள் பிளக்கை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "அண்ணை, இது வெள்ளைக்காரன்ர பழைய பிளக். அவன் எப்பவோ கைவிட்டிட்டான், நீங்கள்தான் இன்னும் வச்சிருக்கிறியள்" என்றார்.

அவர் சொன்னது முற்றும் உண்மை. நம் வீடுகளில் உள்ள உருண்டை முள் பிளக்கு, 1934-இல் பிரிட்டிஷார் வகுத்த 'பி.எஸ். 546' என்னும் அளவின் சந்ததி. 1947-இல், நாம் சுதந்திரக் கொடி ஏற்றிய அதே ஆண்டில், அவர்கள் சதுர முள்ளுக்கு உரிய 'பி.எஸ். 1363' என்னும் புதிய அளவை வெளியிட்டார்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் புதியதை ஏற்றுக்கொண்டன. நம்மிடம் பழையதே நிலைத்துவிட்டது. அவர்கள் நாட்டில் இன்று உருண்டை முள்ளைக் காண வேண்டுமானால் நாடக மேடை விளக்குகளைத் தேடிப் போக வேண்டும்.

இந்த மாறுதலின் வரலாறு ரசமானது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1942-இலேயே, யுத்தம் முடிந்தபின் கட்டப்போகும் வீடுகளுக்கு மின்சார வசதி எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய ஒரு குழு அமைத்தார்கள். அதில் இடம்பெற்ற ஒரே பெண்மணி காரொலின் ஹாஸ்லெட் அம்மையார். துவாரங்களுக்குள் குழந்தைகள் எதையும் நுழைக்க முடியாதபடி ஒரு மூடி வேண்டும் என்ற ஏற்பாட்டை அவர் பெயரோடு சேர்த்தே சொல்கிறார்கள். பிளக்கில் எர்த் முள் மற்ற இரண்டையும்விட நீளமானது. அது முதலில் நுழைந்து மூடியைத் திறந்தால்தான் மற்றவற்றுக்கு வழி.

செம்பு அருமையாக இருந்த காலம் அது. ஆகவே ஒரே கம்பியை வீட்டைச் சுற்றி வளையமாக ஓட்டி, எல்லாத் துவாரங்களையும் அதில் கோத்தார்கள். வளையமோ 30 ஆம்பியர் தாங்கும். ஒரு மேஜை விளக்கின் மெல்லிய கம்பி அவ்வளவு தாங்குமா? அதனால் ஒவ்வொரு பிளக்கின் வயிற்றிலும் தனியாக ஒரு சிறு பியூஸை வைத்தார்கள். எங்கள் மேஜை விளக்கு ஒரு நாள் அணைந்தது. புது பல்பு போட்டும் எரியவில்லை. பிளக்கைத் திறந்து, ஓர் அங்குல நீளமுள்ள அந்த 3 ஆம்பியர்க் குழாயை மாற்றிய பிறகே வெளிச்சம் வந்தது.

குளியலறையின் கதை வேறு. உள்ளே சுவரில் சுவிட்சே இல்லை. கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்குகிறது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "இதென்னடா, கோயில் மணிக் கயிறா?" என்று கேட்டாள். ஈரக்கை சுவிட்சில் படக்கூடாது என்பதற்காகச் செய்த உபாயம் அது.

சமையலறைக்கு அடுத்த நடையில் புகை கண்டால் அலறும் கருவி ஒன்று. இங்கிலாந்தில் வாடகை வீடுகளின் ஒவ்வொரு மாடியிலும் அது இருக்க வேண்டும் என்பது 2015 முதல் சட்டம். எங்கள் ரசத்துக்குக் கடுகும் மிளகாய் வற்றலும் வெடித்த மறுகணமே அது ஊரைக் கூட்டிற்று. தீ எங்கே என்று ஓடி வந்த அடுத்த வீட்டார், ரசத்தின் வாசனையோடு திரும்பினார்கள்.

இவையெல்லாம் சிரிப்போடு போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிரிக்க முடியவில்லை. கிரைண்டரின் அடியில் நீர் கசிந்து மோட்டாருக்குள் இறங்கியது. அம்மா அதைத் துடைக்கக் கை நீட்டியபோது 'டக்'கென்ற சத்தத்துடன் வீடு முழுதும் இருண்டது. மறுநாள் வந்த மின்சாரத் தொழிலாளி, மாடிப்படியின் கீழிருந்த பெட்டியைத் திறந்து காட்டினார். மின்சாரம் வழி தவறி 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே, கண்ணிமைப்பதற்குள் இணைப்பைத் துண்டிக்கும் கருவி அது. இருட்டாயிற்றே என்று வருந்த வேண்டாம், சந்தோஷப்படுங்கள் என்று சொல்லிப் போனார். அம்மா அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை.

அந்நிய நாட்டின் பெருமையைப் பாடுவது நம் நோக்கமன்று. உயிர் காக்கும் இதே கருவி நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. விலை ஒரு நல்ல பட்டுப் புடவைக்குக் குறைவே. ஆயினும் அது இல்லாத வீடுகள் நம்மிடம் எத்தனை! மூன்றாவது முள் எதற்கு என்று எர்த் கம்பியை இணைக்காமலே விட்ட வீடுகள் எத்தனை! கிரைண்டரும் துணி துவைக்கும் யந்திரமும் ஈரத்திலேயே உழைப்பவை. அவற்றைத் தொடுபவர்கள் நம் வீட்டுப் பெண்மணிகள். உருண்டை முள்ளோ சதுர முள்ளோ, அது பெரிதல்ல. எர்த் கம்பி மண்ணைத் தொடுகிறதா, கசிவு காக்கும் கருவி பெட்டியில் இருக்கிறதா என்று ஒரு நல்ல தொழிலாளியை அழைத்து இந்த வாரமே பார்த்துவிடுவோம்.