சுகம் எத்தனை டிகிரி?

மே மாசம் சாயங்கால நியூஸ்ல ஒரு பட்டியல் வாசிப்பாங்க. நூறு டிகிரியைத் தாண்டின ஊர்கள். வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி, மதுரைன்னு போகும். அதுல திருத்தணி வராத வருஷம் எனக்கு ஞாபகம் இல்ல. எங்க ஊர் திருத்தணி இல்ல, சோளிங்கர் போற வழியில இருக்கிற கே.ஜி.கண்டிகை. ஆனா வெயிலுக்கு அந்த எல்லையெல்லாம் தெரியாது. காலேஜ்ல "உங்க ஊர்ல என்னடா ஃபேமஸ்?"னு கேட்டா "முருகனும் வெயிலும்"னு சொல்லிட்டுப் போயிடுவேன்.

போன வருஷம் அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தா. எங்க வீடு வெறும் கான்கிரீட் தளம் போட்ட வீடு, மேல மாடி கிடையாது. பகல் பூரா வெயில் குடிச்ச தளம், ராத்திரி பதினோரு மணிக்கும் அனலைக் கீழ இறக்கிட்டே இருக்கும். ஃபேன் அந்த அனலையே எடுத்து மூஞ்சியில அடிக்கும். அப்பா இ.எம்.ஐ.ல ஏசி வாங்கிடலாம்னார். ஆயா, "மேல தண்ணி ஊத்துங்கடா, எல்லாம் சரியாப் போவும்"னாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. "நீதான பில்டிங் படிக்கிற? நீ சொல்லு."

மூணாம் வருஷ சிவில் மாணவனுக்கு இதைவிடப் பெரிய வைவா கிடையாது. பீம், காலம், ஸ்டீல் எவ்வளவுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒரு மனுஷனுக்கு எத்தனை டிகிரி சுகம்னு எங்க சிலபஸ்ல ஒரு வரி கூட இல்ல. அதைத் தேடப் போய்தான் இந்தக் கதை கிடைச்சது.

டென்மார்க்ல ஃபாங்கர்னு ஒரு பேராசிரியர். 1970-ல ஒரு புத்தகம் போட்டார். காற்றோட வெப்பம், சுவர்ல இருந்து வர்ற வெப்பம், ஈரப்பதம், காற்று வேகம், போட்டிருக்கிற துணி, செய்யற வேலை, இந்த ஆறையும் சமன்பாட்டுல போட்டா ஆட்கள் எவ்வளவு சுகமா இருப்பாங்கன்னு கணக்கு வரும். பிரமாதமான வேலை, மறுக்கவே முடியாது. ஆனா அதுக்கு ஆதாரம் எங்கிருந்து வந்ததுன்னு பாருங்க. அமெரிக்காவுலயும் டென்மார்க்லயும் நம்மள மாதிரி காலேஜ் பசங்களை ஒரு அறையில உட்கார வெச்சு, வெப்பத்தை ஏத்தி இறக்கி, "எப்படி இருக்கு?"ன்னு கேட்டு எடுத்த பதில்கள். அந்தக் கணக்குதான் சர்வதேசத் தரவிதிகளாகி, உலகம் பூரா ஆபீஸ்கள்ல ஏசி எத்தனை டிகிரியில ஓடணும்னு முடிவு பண்ணுச்சு. நம்ம ஐ.டி. பார்க்ல மே மாசம் ஸ்வெட்டர் போட்டுட்டு உட்கார்ந்திருக்கிற சீனியர்களைக் கேளுங்க, மீதியை அவங்க சொல்வாங்க.

இதைக் கேள்வி கேட்டவங்களும் இருந்தாங்க. இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபெர்கஸ் நிக்கோல் 1974-ல ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். நம்ம ரூர்க்கியிலயும் ஈராக்கோட பாக்தாத்லயும் எடுத்த தரவுகளை வெச்சு எழுதினது. 30 டிகிரிக்கு மேல கூட, ஃபேன் ஓடினா, அந்த ஊர் ஜனங்க நல்லாத்தான் இருக்காங்கன்னு அதுல தெரிஞ்சது. உடம்பும் பழக்கமும் ஊரோட சேர்ந்து மாறுது. ஆயா கிட்ட இதைச் சொன்னா, "இதுக்கு வெள்ளக்காரன் வரணுமா?"ம்பாங்க. வரணும்தான். எழுதி, அளந்து, எண்ணிக் காட்டாம எந்த விதியும் மாறாது. 1998-ல ரிச்சர்ட் டி டியர், கெயில் பிரேகர் ரெண்டு பேரும் பல நாட்டுக் கட்டடங்கள்ல இருந்து சுமார் 21,000 பதிவுகளைச் சேர்த்துக் காட்டினாங்க. அதுக்கு அப்புறம் 2004-லதான் அமெரிக்கத் தரவிதியே ஜன்னல் திறந்து வைக்கிற கட்டடங்களுக்குத் தனிக் கணக்கு கொடுத்தது.

நமக்கு முக்கியமானது அடுத்ததுதான். அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், அதே டி டியர் உட்பட சிட்னி ஆய்வாளர்களும் சேர்ந்து இந்தியாவுக்குன்னே ஒரு ஆய்வு பண்ணாங்க. அகமதாபாத், பெங்களூரு, சென்னை, டெல்லி, சிம்லா, அஞ்சு ஊர், அஞ்சு விதமான காலநிலை. 16 ஆபீஸ் கட்டடங்கள், மூணு பருவம், 6,330 பதில்கள். அதுல பிறந்ததுதான் ஐமேக்ங்கிற இந்திய மாடல். சூத்திரம் ரொம்ப எளிசு. ஜன்னல் திறந்திருக்கிற கட்டடத்துக்கு, கடந்த முப்பது நாளோட வெளி வெப்பச் சராசரியை 0.54-ஆல பெருக்கி 12.83 கூட்டணும். சராசரி 28-னா, உள்ள சுமார் 28 டிகிரியிலயே ஜனங்க சுகமா இருக்காங்க. ரெண்டு டிகிரி அப்படி இப்படி இருந்தாலும் பெரும்பாலானவங்க குறை சொல்லல. 2016 தேசியக் கட்டட விதித் தொகுப்புலயும் இந்த மாடல் ஏறிடுச்சு.

22-க்கும் 28-க்கும் நடுவுல இருக்கிற ஆறு டிகிரி சின்ன விஷயம் இல்ல. ஏசியை ஒரு டிகிரி ஏத்தி வெச்சா சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம்னு பி.இ.இ. சொல்லுது, ஏசி மேல ஸ்டார் ஒட்டுறாங்களே, அவங்கதான். அந்தக் கரண்டுக்கு நிலக்கரி எரியற இடம் வேற எங்கயும் இல்ல. அத்திப்பட்டு, வல்லூர் எல்லாம் நம்ம திருவள்ளூர் மாவட்டத்தோட கிழக்குக் கோடியிலதான் இருக்கு.

இந்த பி.இ.இ.யும் சுவிட்சர்லாந்து அரசும் 2011-ல இருந்து சேர்ந்து ஒரு கட்டட எரிசக்தித் திட்டம் நடத்தினாங்க. அதோட தொழில்நுட்ப உதவியில 2018 டிசம்பர்ல வீடுகளுக்கான விதி வந்தது, ஈகோ நிவாஸ் சம்ஹிதா. கூரையோட யு வேல்யூ 1.2-க்கு மேல போகக்கூடாதுங்கறது அதுல ஒண்ணு. எங்க வீட்டு மாதிரி வெறும் ஸ்லாப்புக்கு அது 3-ஐத் தாண்டும். படிச்சதும் துள்ளிக் குதிச்சேன். அடுத்த பக்கத்துல உட்கார வெச்சுட்டாங்க. 500 சதுர மீட்டர் இல்லன்னா அதுக்கு மேல உள்ள மனைக்குத்தான் இந்த விதி. அதாவது பன்னெண்டு சென்ட்டுக்கு மேல. எங்க தெருவுல பன்னெண்டு சென்ட்ல வீடு வெச்சிருக்கிறவரு யாரு?

எங்க ஆயா பிறந்த வீட்டுல மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டை, அதுமேல நிறுத்தி வெச்ச செங்கல், அதுக்கு மேல சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும், கடைசியா தட்டோடு. எங்க வீட்டு கான்ட்ராக்டர் செலவைக் குறைக்கிறேன்னு அந்த ஜல்லித் தளத்தையே விட்டுட்டார்.

கடைசியில வீட்டுல ரெண்டும் நடந்தது. ஒரு ஞாயித்துக்கிழமை நானும் அப்பாவும் மொட்டை மாடியைக் கூட்டிக் கழுவி, சுண்ணாம்புல ஃபெவிகால் கலந்து ரெண்டு கோட்டு அடிச்சோம். கண்ணு கூசுது, மழை வந்தா கரையும், வருஷா வருஷம் அடிக்கணும், இதெல்லாம் உண்மைதான். ஆனா வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிடுது. ராத்திரி அந்த அனல் குறைஞ்சதை ஆயாவே ஒத்துக்கிட்டாங்க. ஏசியும் வந்தது. கைக்குழந்தையோட அக்கா படுத்திருக்கிற ரூம்ல நின்னுக்கிட்டு ஐமேக் பேசற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்ல, பேசவும் கூடாது. 28-ல வெச்சு, கூடவே ஃபேனும் ஓடுது. ரிமோட் அப்பா கையிலதான்.

இதுல எனக்கு ஒரு உறுத்தல் பாக்கி இருந்தது. அந்த 6,330 பதில்களும் ஆபீஸ்ல உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்களோடது. வெளி வெப்பச் சராசரி 31 வரைக்கும்தான் அந்தச் சூத்திரத்துக்கு ஆதாரம் இருக்கு. எங்க பக்கத்து மே மாசத்தை அதுக்குள்ள அடைக்கிறது கஷ்டம். அதுவும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழ பவர்லூம் ஓட்டுறவங்களை யாரு கேட்டா? அதனால ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு அதையே எடுத்துக்கிட்டோம், நாலு பேர். ஒரு வெப்பமானி, ஒரு ஈரப்பதமானி, ஒரு கேள்வித்தாள்.

கேள்வித்தாள்லயே முதல் மாசம் போயிடுச்சு. உலகம் பூரா கேக்கிற அந்த ஏழு படிக் கேள்வி, நடுங்குற குளிர்ல ஆரம்பிச்சு கடும் சூடு வரைக்கும் போகும். அதைத் தமிழ்ல எழுதி எடுத்துட்டுப் போனோம். தறி ஓட்டுற அண்ணன் ஒருத்தர் மோட்டாரை நிறுத்திட்டு, பேப்பரை வாங்கிப் படிச்சார். நேரா காத்து அடிச்சா இழை அறுந்துடும்னு ஃபேனைச் சுவர்ப் பக்கமா திருப்பி வெச்சிருந்தார். துண்டால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டே கேட்டார்:

"இன்னாப்பா இது? நீ வெக்கையைக் கேக்கறியா, புழுக்கத்தைக் கேக்கறியா?"

இப்போ எங்க தாள்ல ரெண்டு கட்டம் இருக்கு.