சாகாத உயிரும் சாகாமக் குளமும்

சாகாமம் என்னும் ஊர்ப்பெயர் காதில் விழுந்தோறும், சாகாமை என்ற சொல்லே என் நெஞ்சில் எழும். அதனாலேயே, விலங்கியல் வகுப்பில் ஐதரா என்னும் சிற்றுயிரைப் பற்றிக் கூறும் நாளில், சாகாமக் குளத்தையும் உடன்சேர்த்துச் சொல்வது என் வழக்கம்.

ஐதரா நன்னீரில், நீர்ப்பூண்டுகளைப் பற்றிக்கொண்டு வாழ்வது. நூல் துண்டு போன்ற உடல். வாயைச் சூழச் சில பரிசக்கொம்புகள். 1740ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தில் ஒரு பிரபுவின் புதல்வருக்குப் பாடஞ்சொல்லி வந்த ஆபிரகாம் திரெம்பிளே, இதனைத் துண்டு துண்டாக வெட்டினார். ஒவ்வொரு துண்டும் முழு உயிராய் வளர்ந்தது கண்டு ஐரோப்பிய அறிஞர் வியந்தனர்.

சென்ற தை மாதத்தில் மாணவர் சிலரோடு குளக்கரைக்குச் சென்று, நீர்ப்பூண்டுகளைப் போத்தலில் அள்ளி வந்தேன். மறுநாட் காலை, போத்தலின் சுவரில் மூன்று ஐதராக்கள் தலைகீழாய்த் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றின் விலாவில் சிறிய அரும்பொன்று இருந்தது. தாயின் உடலிலிருந்து அரும்பிப் பிரியும் அப்பிள்ளை, தாயின் அச்சுப் பிரதியே.

உணவும் இதமான வெப்பமும் உள்ளவரை ஐதரா இவ்வாறே பெருகும். டானியல் மார்ட்டினெஸ் என்ற அறிஞர் சில ஐதராக்களை நான்கு ஆண்டுகள் வளர்த்தும், அவற்றில் முதுமையின் அறிகுறி காணவில்லையென 1998இல் எழுதினார். ஆயின், குளிர்நாடுகளில் வாழும் ஒருவகை ஐதராவை 18 பாகை செல்சியஸ் நீரிலிருந்து 10 பாகை நீருக்கு மாற்றினால், சில வாரங்களில் அது விந்தையோ முட்டையையோ தோற்றுவிக்கிறது. அதன்பின் அதன் உடல் தளர்ந்து, பெரும்பாலும் மடிந்தும் விடுகிறது. நம் வெப்ப நாட்டு ஐதராக்களும் பருவத்திற்கு ஏற்ப மாறுவனவே. வங்காளத்து ஐதராவின் வாழ்க்கையைக் கல்கத்தாவிலிருந்து ஆராய்ந்த நெல்சன் அன்னண்டேல், 1906இலேயே அதனைப் பற்றி எழுதினார்.

இதைக் கேட்ட அக்கரைப்பற்று மாணவன் ஒருவன், “சேர், சாகாமல் இருக்க வழி இருக்கும்போது, அது ஏன் சாகும் வழிக்குப் போகுது?” என்று வினவினான். வகுப்பு அமைதியாயிற்று.

விடையின் ஒரு பாதி எளிது. கருவுற்ற முட்டை தடித்த உறையணிந்து அடிச்சேற்றில் கிடக்கும். தாய் தாங்க முடியாத காலத்தை அது தாங்கும். மற்றப் பாதியை ஓர் ஒட்டுண்ணி உணர்த்துகிறது. ஐதராவைத் தின்னும் அமீபா ஒன்று உண்டு, 1912இல் அறியப்பட்டது. முதலில் பரிசக்கொம்புகள் குறுகும். பிறகு உடல் சுருங்கும். அரும்பும் வலிமை குன்றும். இறுதியில் உயிர் போகும். அச்சுப் பிரதிகளாய் நிறைந்த ஒரு கூட்டத்தில், ஒன்றை வெல்லும் நோய் அனைத்தையும் வெல்லும். ஆண் பெண் கலப்பில் பிறப்பவையோ ஒன்றைப் போல் மற்றொன்று இரா. அவற்றுட் சில தப்பக்கூடும். பால்வழி இனப்பெருக்கம் நிலைத்திருப்பதற்கு ஒட்டுண்ணிகளும் ஒரு காரணம் என உயிரியலாளர் பலர் கருதுவது இதனாலேயே.

“ஒரே இன நெல்லை வட்டை முழுவதும் விதைத்த போகத்தில் அறக்கொட்டி விழுந்தால் என்ன ஆகும்?” என்று கேட்டேன். கமக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பெற்றோர் பலர் என்னிடம் வந்து, “பிள்ளை என்னைப் போலவே வரவேணும்” என்பர். அந்த ஆசை எனக்கும் உண்டு. என் மூத்த மகள் விலங்கியலை விட்டுச் சித்திரம் பயிலப் போவதாகச் சொன்னபோது இரண்டு நாட்கள் எனக்கு உணவு செல்லவில்லை. மூன்றாம் நாள் அவளுக்கு வேண்டிய வண்ணங்களையும் தூரிகைகளையும் வாங்கக் கல்முனைக்குப் பேருந்தேறினேன். நாம் காணாத வெயிலையும் நாம் அறியாத நோயையும் நம் பிள்ளைகள் சந்திக்கப் போகின்றனர். அவற்றை எதிர்கொள்ள, நம்மிடம் இல்லாத ஏதோவொன்று அவர்களிடம் இருத்தல் நன்றே.